நிவேதா, உங்கம்மா எழுதிட்டாங்க

என் ஊர்க்காரி, என் செல்ல நிவேதாவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் விடியற்காலை விசில் ஊதி யாரும் எழுப்புவதில்லை என்று நம்புகிறேன். நான் லீவில் திருவண்ணாமலை வந்திருக்கிறேன். செங்கம் ரோட்டில் உங்கம்மாவின் டிபன் கடையில், ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிர் மேஜையில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஊத்தப்பத்தை ஸ்பூனால் வெட்டப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் இந்நேரம் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. மலைப்பாதையில் மண் சரிந்து உன் வண்டி உருண்டுவிட்டது என்று எனக்குப் போன் வந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை உனக்கே சொல்லி என்ன ஆகப் போகிறது? உனக்குத் தெரியாத சேதிகள்தான் நிறைய இருக்கின்றன.

முதல் சேதி, நான் நம் அகாடமிக்கே திரும்பிப் போயிருக்கிறேன். ராணுவ ஆபீசர் ஆவதற்காக நாம் ரெண்டு பேரும் வெயிலில் உருண்டு புரண்ட அதே இடத்தில், இப்போது நான் கேடட்டுகளுக்குப் பாடம் எடுக்கிறேன். சிரிக்காதே. உன் எழுத்து அறையும் இன்னும் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் லைப்ரரிக்குப் பக்கத்து அறையில் கூடுகிறார்கள். வாத்தியார் யாரும் கிடையாது. எழுத வருகிற கேடட், எழுதத் திணறுகிற கேடட்டுக்கு எதிரே உட்காருகிறான். கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் எழுந்து மைதானத்தைச் சுற்றப் போய்விடுகிறார்கள். ஒருத்தன் அசாமியில் புலம்பிக்கொண்டே நடக்கிறான், ஒருத்தி மராத்தியில் யாரையோ திட்டுகிறாள். புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் இவர்களுக்கெல்லாம் என்ன தண்டனை என்று என்னிடம் கேட்டார். கட்டுரை எழுதுகிறார்கள் சார் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அந்த அறையில் உன் படத்தை மாட்டப் போகிறார்கள். படத்துக்குக் கீழே உன் அம்மா எழுதிய சில வரிகள் இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் முடிவு. அதை வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. லீவு முடிந்து போகும்போது என் பையில் அந்த வரிகள் இருக்க வேண்டும்.

சின்ன வேலைதானே என்று வந்தேன். உங்கம்மா சட்னிக் கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொல்லிவிட்டார்கள்.

"ஏம்மா கலை, நீயே எழுதிடேன். எனக்கு இன்னா தெரியும்? எட்டாவதோட நின்னவ நானு. நீ எழுதி என் பேரைப் போட்டுக்கோ."

எவ்வளவு சுலபம், பார். என்ன எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் உங்கம்மாவுக்கு எத்தனை சால்வை போர்த்தினார்கள், எத்தனை பேர் வந்து "நீங்க பெருமைப்படணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெருமையை எடுத்து, அழகான இங்கிலீஷில் நாலு வரி போட்டால் முடிந்தது. ஆபீசர்கள் கண் கலங்குவார்கள். உங்கம்மாவுக்கும் ஒரு பாரம் குறையும். பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவர்களிடம் போய், இல்லம்மா நீங்கதான் எழுதணும் என்று அடம் பிடிக்க எனக்கு என்ன கல் மனசா?

ஆனால் நீ என்னை அப்படிப் பழக்கவில்லையே நிவே.

நம்முடைய முதல் டெர்ம் ஞாபகம் இருக்கிறதா? நான் அடி அண்ணாமலையில் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, இன்ஜினீயரிங்கை மனப்பாடத்தில் தாண்டி வந்தவள். நீ இந்தக் கடையில் தட்டு எடுத்து வைத்தே நாலு நாட்டு இங்கிலீஷைக் கற்றுக்கொண்டவள். ஓட்டத்தில் உன்னைத் தோற்கடித்தேன். கயிறு ஏறுவதில் பையன்களையே தோற்கடித்தேன். இங்கிலீஷ் கட்டுரை என்று வந்தால் மட்டும் என் தாள் முழுக்க, அதைத் திருத்துகிற மேஜரின் சிவப்பு மைதான். இன்னொரு தடவை ஃபெயில் ஆனால் ஒரு டெர்ம் பின்னால் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் எங்கப்பா வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்பது உனக்குத் தெரியும். மாமா பையன் ஒருத்தன் தயாராக இருந்தான்.

அகாடமியில் நமக்குள் உதவி என்றால் என்ன அர்த்தம்? ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் பூட்ஸுக்கு இன்னொருத்தி பாலிஷ் போடுவாள். அவள் கட்டிலை இன்னொருத்தி விரிப்பாள். பையைக்கூட மற்றவர்கள் கட்டிக் கொடுப்பார்கள். அதனால் கட்டுரையையும் யாராவது எழுதிக் கொடுப்பதில் என்ன தப்பு என்றுதான் கூடப் படித்த மொத்த கோர்ஸும் நினைத்தது. ஹரியானாக்காரி பூஜா, பாவம், பாசத்தோடு வந்து நானே எழுதித் தருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று உன்னிடம் வந்தேன். ஒரே ஊர், ஒரே பாஷை, நீ செய்யாமல் யார் செய்வார்கள்?

நீ முடியாது என்றாய். எனக்கு வந்த கோபத்தில், பூட்ஸுக்கு பாலிஷ் போடுவே, இது மட்டும் ஆகாதா என்று கத்தினேன்.

"பூட்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான்டி. யார் தொடச்சாலும் பளபளன்னு ஆவும். நீ இன்னா நெனைக்கிறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் எழுதுனா நான் நெனைக்கிறதுதான் வரும்."

அப்படிச் சொல்லிவிட்டு ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாய். பேனாவைத் தொட மாட்டாயாம், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டாயாம், கேள்வி மட்டும் கேட்பாயாம். உன்னை அன்றைக்கு அடித்திருப்பேன். அப்புறம் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய், எழுத நினைப்பதையெல்லாம் முதலில் தமிழில் சொல்லு, சொல்லி முடித்த பிறகு உனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுது என்றாய். நான் சொல்லச் சொல்ல, ஏன், அப்புறம், எனக்குப் புரியலையே என்று மட்டும் கேட்டுக்கொண்டு கூடவே வந்தாய். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன். அந்தத் தாளில் சிவப்பு மை கம்மியாக இருந்தது. அதற்கடுத்த தாளில் இன்னும் கம்மி.

அதுவே நமக்கு வினையாகப் போயிற்று. திடீரென்று இவள் எப்படி எழுதினாள் என்று மேஜருக்குச் சந்தேகம். ரெண்டு பேரும் ஒரே ஊர், மைதானத்தில் ஓயாமல் யாருக்கும் புரியாத பாஷையில் பேசுகிறார்கள். நீதான் எழுதிக் கொடுத்தாய் என்று முடிவு செய்துவிட்டார். நிரூபணம் ஆனால் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உன்னை வெளியே வெயிலில் விறைப்பாக நிற்க வைத்துவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். எங்கேயாவது காத்திருந்த அனுபவத்தைப் பற்றி என் கண் முன்னால் எழுது என்றார்.

கை ஓடவில்லை. ஜன்னல் வழியாக உன் தொப்பி மட்டும் தெரிந்தது. சார், எழுதுவதற்கு முன்னால் நடந்துகொண்டே தமிழில் பேச அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அவர் எந்த ஊர்ப் பைத்தியமோ என்று பார்த்தார். ஆனால் சரி என்றார். அந்த ஆபீஸ் அறையில் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு பௌர்ணமி அன்றைக்கு கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் எருமையை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க முடியாமல் நான் நின்ற கதையை எனக்கு நானே சொன்னேன். ஒரு வார்த்தையும் புரியாமல் அந்தப் பஞ்சாப்கார மேஜர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டார். அப்புறம் உட்கார்ந்து எழுதினேன்.

படித்து முடித்தவர் கேட்ட ஒரே கேள்வி, எருமை கடைசியில் ரோட்டைக் கடந்ததா என்பதுதான். உன்னை உள்ளே கூப்பிட்டு, நீ இவளுக்குச் செய்ததை மற்றவர்களுக்கும் செய் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அறையைத் திறந்துவிட்டார்கள். இது எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. இதற்கு உனக்கு ஒரு நன்றிகூட நான் நேரில் சொன்னதில்லை, சொன்னால் நீ கிண்டல் பண்ணியே கொன்றிருப்பாய்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் உங்கம்மா எழுதிக் கொடு என்கிறார்கள். முடியாதும்மா, உங்க கூட உட்கார்றேன், நீங்கதான் எழுதணும் என்றேன். உங்கம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நாலு வரி எழுதிக் குடுக்க உனக்கு மனசு வரல. அவளா இருந்தா எழுதிக் குடுத்திருப்பா."

நீ எழுதிக் கொடுத்திருக்க மாட்டாய் என்று உன்னை இழந்தவர்களிடமே சொல்ல முடியுமா? அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. காபி மட்டும் வந்தது, சர்க்கரை ஜாஸ்தியாக. பேசாமல் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எழுத்தை விட அந்த மனுஷியின் மனசுதானே முக்கியம்?

மறுநாள் மதியக் கூட்டம் ஓய்ந்ததும், எழுத வேண்டாம்மா, எங்க ஊர் வரைக்கும் காலாற நடந்துவிட்டு வருவோம் என்று கூப்பிட்டேன். என்ன நினைத்தார்களோ, வந்தார்கள். கிரிவலப் பாதையில் கூட்டமே இல்லை. பாதி தூரம் நடந்தோம். அப்புறம், நீ இட்லிக்குச் சட்னி போதாது என்று கஸ்டமர் முன்னாலேயே சண்டை போட்டது, ரெட்டைச் சடை போட விடாமல் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றது என்று ஒவ்வொன்றாக வந்தது. சிரித்தார்கள்கூட. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

அடி அண்ணாமலை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டார்கள்.

"நெசத்த சொல்லட்டா? எல்லாரும் பெருமைப்படு, பெருமைப்படுன்றாங்க. எனக்கு அவ பட்டாளத்துக்குப் போனது புடிக்கவே இல்லம்மா. அன்னிக்கும் புடிக்கல, இன்னிக்கும் புடிக்கல. இத்தப் போயி எழுத முடியுமா? அங்க இருக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

எழுதுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து அழுதோம். பிறகு ஒரு ஆட்டோவைப் பிடித்துத் திரும்பி வந்தோம்.

இன்று காலை முதல் ஈடு இட்லியை இறக்கிய பிறகு, ஒரு தாளைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தப்பு இருந்தா திருத்திக்கோ என்று சொல்லிவிட்டு, நான் படிப்பதைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்கள். எழுதியிருந்ததை அப்படியே உனக்குச் சொல்கிறேன்.

"நான் போவாதன்னு சொன்னேன். நிவேதா கேக்கல. இன்னிக்கு வந்து கேட்டாலும் போவாதன்னுதான் சொல்வேன். அப்பவும் அவ போவா. நல்ல பொண்ணு. இங்க எழுத வர்ற புள்ளைங்களே, பசியோட உக்காராதீங்க. மல்லிகா, நிவேதாவோட அம்மா."

நிவே, இதை நான் எழுதியிருக்க முடியுமா? நான் எழுதியிருந்தால் இந்த உலகத்தில் இன்னொரு பெருமை அதிகமாகியிருக்கும், உங்கம்மா ஒரு மூலையில் கையெழுத்தாக மட்டும் இருந்திருப்பார்கள். நீ அன்றைக்கு எனக்கு எழுதிக் கொடுத்திருந்தால், நான் இவர்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். உள்ளே போய் உங்கம்மாவைக் கட்டிக்கொண்டேன். மாவுக் கையோடு என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

கூட வேலை செய்கிற ஆபீசருக்குப் போனில் படித்து அர்த்தம் சொன்னேன். முதல் நாலு வரியை மட்டும் விட்டுவிடலாமே, கேடட்டுகள் படிக்கிற இடம் என்றார். இங்கிலீஷில் மாற்றும்போதாவது கொஞ்சம் இதமாகச் சொல்லலாமே என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் இந்தப் பெரிய அகாடமியில் உங்கம்மாவுக்கு என்று இருப்பது அந்தச் சுவரில் ஒரு சாண் இடம்தான்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உங்கம்மாவின் கையெழுத்திலேயே, தமிழிலேயே அது மாட்டப்படும். கீழே இங்கிலீஷில் நான் எழுதுவேன். போகாதே என்றால் போகாதே என்றுதான் எழுதுவேன். யார் கேட்டாலும், எந்த ரேங்க்கில் இருப்பவர் கேட்டாலும், அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
ஆறு மாசம் பெரியவள் என்று தெரிந்தும் நீ ஒருநாளும் அக்கா என்று கூப்பிடாத உன் அக்கா,
கலையரசி
அடி அண்ணாமலை