நறுக்கிய கத்தரிக்காயின் மறுநாள்

14.11.06, செவ்வாய்
விடாத மழை. மாடிக் குழாய் அடைப்பு, ஆள் வரவில்லை.

"நெஞ்சுக்குள்ளயும் இப்படித்தான் வேல செய்யுமா டீச்சர்?" பல வருடம் முன்பு பத்தாம் வகுப்பில் குமரன் கேட்டது. மேசையில் இரண்டாக நறுக்கிய கத்தரிக்காய். எலுமிச்சைச் சாறு தடவிய பாதி வெளுப்பாகவே இருந்தது, மற்றது கறுத்துவிட்டது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் பாடம். "ஆமாம்டா, நெல்லிக்காய் தின்னா நுரையீரலுக்கும் காவல்" என்றேன்.

இன்று பெரிய மார்க்கெட்டில் அவன் மனைவி சுமதி. குமரன் ஆஸ்பத்திரியிலாம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இரும்புக்கு முலாம் பூசும் கம்பெனி, ஆசிட் தொட்டி வேலை. அந்தப் புகையில் நுரையீரலில் அழற்சி.

"மாஸ்க்க ஆணியில மாட்டிட்டு நெல்லிக்கா மென்னுகினு இருப்பாரு டீச்சர். கேட்டா, எங்க டீச்சரே சொல்லிருக்காங்கன்னுவாரு."

கோபமில்லாமல்தான் சொன்னாள். காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

15.11, புதன்
மழை இல்லை. ஆஸ்பத்திரி. பேச்சுக்கு நடுவே நடுவே குமரனுக்கு இருமல். தம்ளரில் மாத்திரை நுரைத்துக்கொண்டிருந்தது. சளியைக் கரைக்குமாம், ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்குமாம்.

"பாத்தீங்களா டீச்சர், நம்ம எலுமிச்சம்பழம் கததான். திங்கக்கெழம வேலைக்குப் போயிடுவேன்."

"மாஸ்க்?"

"மாட்னா மூச்சு முட்டுது. அதான் மாத்திர இருக்கே."

"ஆமா, மாத்திரைய மூக்குல மாட்டிகினு போ" என்றாள் சுமதி.

சிரித்துவிட்டேன். நான் சொன்னது அரைகுறை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆரஞ்சு கொடுத்துவிட்டு வந்தேன். ஆரஞ்சு! அதிலும் அதே தடுப்பான், அதே பாடம்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். நறுக்கி, பாதியில் எலுமிச்சை தடவினேன். முப்பது வருடம் செய்து காட்டிய சோதனை. பீரியட் நாற்பத்தைந்து நிமிடம். மணி அடித்ததும் குப்பைக் கூடை. மறுநாள் அது எப்படியிருக்கும் என்று ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

16.11, வியாழன்
காலை ஆறு. இரண்டு பாதியும் கறுப்பு.

டிபன் டப்பாவில் எடுத்துப் போனேன். குமரன் திறந்தான்.

"எதுல டீச்சர் எலுமிச்ச போட்டீங்க?"

"எனக்கே தெரியலடா."

டப்பாவை வெகுநேரம் மூடாமல் வைத்திருந்தான்.

"காவல்காரன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்? மொதல்ல கதவச் சாத்தணும். மாஸ்க்தான் கதவு. அன்னைக்கே நான் சொல்லியிருக்கணும்டா, சொல்லல" என்றேன்.

"உங்கள நம்பித்தான் டீச்சர்…" முடிக்கவில்லை. இருமல்.

சுமதி பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துத் தலையணை அருகில் வைத்தாள். அவன் தொடவில்லை. தள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்து பழைய பாட நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தச் சோதனைக்குக் கீழே எழுதிச் சேர்த்தது: இரண்டு பாதியையும் மறுநாள் காலை வரை வைத்துப் பார்.