ஓனர் இல்லாத கம்ப்யூட்டர்

என் ஜோதிப் பொண்ணே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் உன்னோடு மனசுக்குள் பேசாத நாள் இல்லை. ஆனால் எழுதி வைத்துக் கேட்டே ஆக வேண்டிய ஒரு விஷயம் இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது. கோபமாகத்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் டைப்பிங் கடைச் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். நம்முடைய மிஷின் சாகக் கிடந்தது. போன மாதம் மூன்று முறை தானாகவே அணைந்துவிட்டது. ஒரு முறை பாதி நோட்டீஸில், இரண்டு முறை பட்டா மனு அடித்துக்கொண்டிருக்கும்போது. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். பெட்டியைக் கழற்றியவர், "இங்க பாருங்கக்கா, உள்ள பூரா பச்சை புடிச்சிப் போயிருக்குது"ன்னு காட்டினார். நீ வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் பிரஷ் வைத்துக் கூட்டுவாயே, அந்தப் பலகையெல்லாம் செப்புக் களிம்பு ஏறிக் கிடந்தது. நம் ஊர் உப்புக் காற்று கிரில் கேட்டையே தின்கிறது, கம்ப்யூட்டரை விடுமா? "இதுக்கு இனிமே பார்ட்ஸ் கெடைக்காது. வேற பாத்துக்கோங்க"ன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு, புதுசு விற்கத்தான் இப்படிச் சொல்லுகிறாரோ என்று ரொம்ப நேரம் யோசித்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

அந்தப் பெட்டிக்குள் பத்தொன்பது வருஷத்து மரக்காணம் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, மாதா கோவில் திருவிழா, உப்பளத்துக்காரர் சங்கத்து மனு, கண்ணீர் அஞ்சலி. "அக்கா, எங்க அப்பாவுக்கு அடிச்ச மாதிரியே அம்மாவுக்கும் அடிச்சிக் குடுங்க"ன்னு அனுமந்தையிலிருந்து வந்து நிற்பார்கள். அந்தப் பழைய ஃபைலை நான் திறந்து காட்டணும். திறக்கவில்லை என்றால் அவர்கள் பாண்டிக்கோ திண்டிவனத்துக்கோ போய்விடுவார்கள், நம் கடை அவ்வளவுதான். கடை போனால் எனக்கு இருப்பது உப்பளம் ஒன்றுதான். ஐம்பத்திமூன்று வயதில் இந்த முட்டியை வைத்துக்கொண்டு தலையில் கூடையோடு வரப்பில் நடக்கணும்.

அப்போதுதான் உன் மகள் வந்தாள். பாண்டியில் சர்வீஸ் சென்டரில் வேலை செய்பவள், கிளியனூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வருபவள், எனக்காக லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் சொன்ன யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

"அத்தை, டெஸ்க்டாப் வேணாம். லேப்டாப்பா வாங்கிடலாம். கரண்ட் போனாலும் நிக்காது. உள்ள ஒண்ணும் போடாம வெறும் மிஷினா வர்றதுல வாங்குவோம். நாம லினக்ஸ் போட்டுக்கலாம்."

"அது என்ன?"

"விண்டோஸ் மாதிரி இன்னொண்ணு. இது ஃப்ரீ அத்தை."

"யாரு குடுக்கிறா?"

"யாரும் குடுக்கல. உலகம் பூரா நெறைய பேரு சேந்து எழுதறாங்க. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

"ஓனர் யாரு?"

உன் மகள் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். "ஓனர் இல்ல அத்தை."

அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. ஓனர் இல்லாத பொருள் நம் ஊரில் எது இருக்கிறது, நீயே சொல். பாத்திக்கு ஓனர், வரப்புக்கு ஓனர், உப்பு வாரின பிறகு மிஞ்சுகிற சேற்றுக்குக் கூட யாராவது ஒருத்தர் வந்து நிற்கிறார். புயலுக்குப் பிறகு இலவசமாகத் தார்ப்பாய் கொடுக்க வந்தவர்கள் ஒரு தார்ப்பாயை நம் ரெண்டு பேர் கையிலும் கொடுத்து ஆறு போட்டோ எடுத்தார்கள். ஏழாவதுக்குச் சிரிக்கச் சொன்னபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். சும்மா கொடுக்கிறவனுக்கு நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு என்ன வேண்டும்? அந்தப் பத்தொன்பது வருஷத்து ஃபைலா? அதோடு அடையாளத்துக்குப் பெங்குவின் படம் வேறு. மரக்காணத்து வெயிலில் அது ஒரு நாள் தாங்குமா?

கடைக்கு வந்தவர்களை எல்லாம் விசாரித்தேன். ஒருத்தர் "ரொம்ப நல்லது"ன்னார். ஒருத்தர் "படிச்சவங்களுக்குத்தான் வரும்"னார். ஒருத்தர் "அதுல தமிழே வராது"ன்னார். மூன்று பேரையும் நம்பவில்லை. ராத்திரி பகலாக எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: இந்தப் பெண் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்லுகிறாள்?

போன வெள்ளிக்கிழமை பாண்டிக்குப் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு. அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு லேப்டாப் கடைக்குக் கூட்டிப் போனாள். பக்கத்திலேயே என்றதும் எனக்குப் பொறி தட்டியது. கடைக்காரர் வேறு "வாம்மா சரண்யா"ன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் முதலில் எடுத்துக் காட்டியது வெள்ளி மாதிரி மின்னுகிற ஒன்று. "ஃபுல் மெட்டல் பாடிங்க. அப்படியே இருக்கும்."

"எங்க ஊர்ல இரும்பு நிக்காது"ன்னேன்.

"இது இரும்பு இல்லம்மா, அலுமினியம்."

"அலுமினியம் பூக்கும்."

அவருக்குப் புரியவில்லை. நம் வீட்டு அலுமினியக் குண்டானை உப்பளத்துப் பக்கம் நாலு மாதம் வைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பொடி கிளம்புமே, அதைச் சொன்னேன். பாண்டியிலேயே கடல் இருக்கிறது, இவருக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே விற்கிறாரா? பிளாஸ்டிக் பாடியில் காட்டச் சொன்னேன். காட்டினார். அதைத் தூக்கி, பக்கவாட்டு ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் ஓரத்தில் லேசாகப் பச்சை இருந்தது. "இது ஷோவுக்கு வெச்சது. வேற பெட்டி பிரிங்க, என் கண் முன்னாடி"ன்னேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போய்ப் புதுப் பெட்டி கொண்டுவந்தார். அந்த விஷயத்தில் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

பெட்டி பிரித்ததும் சரண்யா பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கண்ட பென்டிரைவைச் சொருகுவதா?

"வாங்கறதுக்கு முன்னாடிதான் அத்தை சொருகிப் பாக்கணும். சில மிஷின்ல இது ஏறும், ஆனா வைஃபை வராது. சிலதுல சவுண்டு வராது. உள்ள எதையும் மாத்தாம இதுலயே ஓட்டிப் பாத்துட்டு, புடிச்சா வாங்குவோம்."

வைஃபை பார்த்தாள். பாட்டுப் போட்டுப் பார்த்தாள். மூடித் தூங்க வைத்து, திறந்தால் எழுந்திருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்தாள். கடைக்காரரின் பிரின்டரையே இணைத்து ஒரு பக்கம் அடித்தாள். அவள் கை ஓடுகிற வேகம் உன்னைப் போலவே இருந்தது. ஆனால் அந்தத் திரையைப் பார்த்தால் எனக்கு ஊர் பேர் தெரியாத இடத்தில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. ஊதா நிறம். எது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. ஃபைல் எங்கே, மூடுவது எங்கே? ஐம்பத்திமூன்று வயதில் நான் இதில் என்னத்தைக் கண்டுபிடிப்பேன்? பயம் வந்தால் என் வாயில் என்ன வரும் என்று உனக்குத் தெரியும்.

"உண்மையச் சொல்லுடி. இதுல உனக்கு எவ்வளவு கமிஷன்?"

கடைக்காரர் எதிரில் கேட்டேன் ஜோதி. இன்னும் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் எதிரிலும்தான்.

உன் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்து பையைத் துழாவி இன்னொரு பென்டிரைவை எடுத்தாள். முதலில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகி, மிஷினை அணைத்துப் போட்டாள்.

திரையில் நம் கடை வந்தது. நீ எடுத்த உப்புக் குவியல் போட்டோ, இடது பக்கம் வரிசையாக நம் ஃபோல்டர்கள், கீழே அந்தப் பச்சை ஸ்டார்ட் பட்டன். ஒரு இம்மி மாறவில்லை.

"நம்ம மிஷின் மாதிரியே செஞ்சிருக்கியே"ன்னேன்.

"மாதிரி இல்ல அத்தை. இதேதான். நம்ம கடையில ஓடறதே லினக்ஸ்தான். நாலு வருஷமா நீங்க இதுலதான் வேலை செய்யறீங்க."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நம்ம மிஷினுக்கு ஒரு தடவ வைரஸ் வந்துச்சில்ல, அப்ப நானும் அம்மாவும் சேந்து மாத்தினோம். பழைய மாதிரியே தெரியணும்னு அம்மா ஒவ்வொரு படமா தேடி வெச்சாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. 'அக்கா ஒத்துக்கவே மாட்டா. ஓனர் யாருன்னு கேப்பா'ன்னாங்க."

அடிப்பாவி! நான் கேட்கப் போகும் வார்த்தை வரைக்கும் தெரிந்து வைத்திருந்தாயே. உன் மகளின் அந்தச் சிரிப்புக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

கடைக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷம்! மிஷினை வேறு யாரையும் தொடவிடாத நான், வந்தவன் போனவனை எல்லாம் முறைத்துக்கொண்டு அதன் எதிரிலேயே காவல் கிடந்த நான், உட்கார்ந்திருந்ததே அந்த லினக்ஸ் மேல்தான். அந்த நாளுக்கு அப்புறம் ஒரு வைரஸ் கூட வரவில்லை, அதையாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா?

சரண்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்து மீதியையும் சொன்னாள். பழைய ஃபைல்கள் புதுசில் திறந்தால் எழுத்தெல்லாம் உடைந்து வந்ததாம். நீ ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்த்து வைத்தாயாம். தினமும் சாயங்காலம் கடை மூடின பிறகு, ஒரு வருஷத்துக்கு மேல். 

எனக்கு அந்தச் சாயங்காலங்கள் ஞாபகம் இருக்கிறது ஜோதி. நீ நிற்பாய், நான் கிளம்புவேன். அப்போது ஒருத்தன் என்னிடம், "ஜோதியக்கா கீழ்புத்துப்பட்டுல தனியா கடை போடப் போறாங்களாமே"ன்னு சொன்னான். நம்பிவிட்டேன். நம் டிசைனை எல்லாம் நீ திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். அதனால்தான் உன்னோடு இருபது நாள் பேசவில்லை. நீ டீ வாங்கி வைப்பாய், நான் ஆற விட்டுக் கொட்டுவேன். "என்னக்கா, நான் என்ன பண்ணேன்?"ன்னு கேட்டாய். தலைவலி என்றேன். பிறகு தானாகவே பேச்சு வந்துவிட்டது, காரணத்தை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

ஆனால் நீயும் எனக்கு ஒரு பதில் சொல்லணும். ஏன் மறைத்தாய்? நான் அவ்வளவு பொல்லாதவளா? ஒரு நல்லதைக் கூட என்னிடம் ஒளித்துத்தான் செய்யணுமா?

இதைக் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்குக் கவர் ஒட்டிக்கொண்டிருந்தாய். சட்டென்று மார்பைப் பிடித்தாய். "என்னடி?"ன்னு கேட்டேன். "வாயுக்கா. ஒண்ணுமில்ல." நான் போய் ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தேன். நீ குடித்தாய். மீதிக் கவரையும் ஒட்டினாய். மறுநாள் விடியற்காலையில் உன் வீட்டுக்காரர் போன் செய்தார்.

ரிப்பேர்காரரை நம்பவில்லை, கடைக்காரரை நம்பவில்லை, நீ பெற்ற பெண்ணை நம்பவில்லை. அன்றைக்கு நீ சொன்னதை மட்டும் நம்பினேனே ஜோதி. அந்த ஒன்றைச் சந்தேகப்பட்டிருந்தால் உன்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பேனே.

லேப்டாப்பை வாங்கிவிட்டோம். கமிஷன் பேச்சுக்கு உன் மகளிடம் அதே கடைக்காரர் எதிரில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கத்தை, அம்மா இருந்திருந்தா சிரிச்சிருப்பாங்க"ன்னாள். கடை மூடும்போது அதைத் துடைத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். உன் ஃபைல் எல்லாம் திறக்கிறது. நேற்று அனுமந்தையிலிருந்து ஒருத்தர் வந்தார், பன்னிரண்டு வருஷம் முன்னால் அவர் அண்ணனுக்கு நீ அடித்ததைக் கேட்டார். ஒரு எழுத்து உடையாமல் வந்தது. இந்தக் கடிதத்தையும் அதில்தான் அடிக்கிறேன். அந்த உலகம் பூராவும் இருக்கிறவர்கள் எதற்காகச் சும்மா எழுதுகிறார்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒரு கண் வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு மத்தியானம் சரண்யா கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னடி?"ன்னேன். "ஒண்ணுமில்லத்தை, வெயில்ல வந்தேன்." உன் குரல் அப்படியே.

அடித்துக்கொண்டிருந்த மனுவைப் பாதியில் விட்டேன். மனு கொடுத்தவரை நாளைக்கு வரச் சொல்லி ஷட்டரை இறக்கினேன். "ஐயோ அத்தை, வெயிலுதான், ஒண்ணும் இல்ல"ன்னு வழியெல்லாம் சண்டை போட்டாள். கையை விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் குறைவாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது வெறும் ரத்தக் குறைவுதானா என்று டாக்டரையும் மூன்று தடவை கேட்டேன். அவர் எரிச்சல் பட்டார். படட்டும்.

மாதா மேல் ஆணையாகச் சொல்லுகிறேன் ஜோதி. உன் வீட்டில் யார் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னாலும் இனி நான் நம்ப மாட்டேன்.

உன்னோடு இருபது நாள் பேசாமல் இருந்தவள்,
உன் பெண்ணின் கையை விடாதவள்,
உன் அக்கா ரெஜினா
மரக்காணம்