ஓரடி இடைவெளியும் சாமைத் தாளும்

வாழவந்தி,
பங்குனி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் மாடும் சுகம். பெங்களூரில் உங்கள் இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கிறீர்களா என்று முதலில் கேட்டு எழுதச் சொன்னார் அம்மா. போனில் உங்கள் குரல் உயர்ந்தால் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் கடிதம்.

ஒன்பதாவதோடு நின்றவளுக்கு விவசாயத்தில் என்ன தெரியும், நிலத்தைச் சுற்றுலா வருகிறவர்களுக்குக் கூடாரம் போடுகிறவருக்கு மூன்று வருடக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றீர்கள். போன வருடம் நட்டம் என்பது உண்மைதான். நீங்கள் சொன்னபடி அரை அடிக்கு ஒரு ஸ்ட்ராபெர்ரி நட்டோம், பனியில் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துப் பழம் பூசணம் பிடித்தது. என் தப்பும் உண்டு. காப்பிச் செடிக்குப் போடுகிற மாதிரி சில்வர் ஓக் சருகைக் குவித்து மூடாக்குப் போட்டேன், அந்த ஈரத்தில் நத்தை குடியேறிப் பாதியைத் தின்றது. இந்த வருடம் ஒரு பாத்தியை மட்டும் உங்கள் கணக்குப்படி அரை அடி நெருக்கத்தில் விட்டு, மற்ற மூன்றில் ஓரடிக்கு ஒன்று நட்டுச் மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்த சாமைத் தாளைச் செடிக்கு அடியில் பரப்பினேன். "ஏம் புள்ள, மாட்டு வாயில போறதப் பிடுங்கிச் செடி காலுக்கு மெத்த போடறயே, பால் கறக்கப் போனா அது உன்னயத்தான் ஒதைக்கும்" என்று அம்மா ஒரு வாரம் திட்டினார்.

நெருக்கப் பாத்தியில் பழம் அதிகம்தான், ஆனால் பாதி சிறுத்துப்போய் மலிவு விலையில் ஜூஸுக்குத்தான் போனது. நாற்றும் களைக்கூலியும் போக அதில் நின்றது ஆயிரத்து முன்னூறு. ஓரடிப் பாத்தியில் நாற்றுச் செலவே பாதி, தாளுக்கு அடியில் களை தலைகாட்டவில்லை, ஒவ்வொன்றிலும் மூவாயிரத்து எண்ணூறுக்குக் குறையவில்லை. ஏரிக்கரையில் கடை வைத்திருக்கும் வேலம்மாள் அக்கா ஒரு பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, மண்ணே காணோம், கழுவிக் கொண்டாந்தீங்களா? கழுவுன பழம் சாயந்தரம் தாங்காதுங்க" என்றார். திட்டின அம்மாவேதான், "கழுவலைங்க, மாட்டுத் தாளு மேல மெத்த போட்டுப் படுத்திருந்த பழமுங்க, நொம்ப சொகுசு" என்றார். அக்கா கூடையோடு எடுத்துக்கொண்டார்.

நேற்று உங்கள் கூடாரக்காரர் பத்திரத்தோடு வந்தார். நிலம் அம்மா பேரில் இருப்பதால் கைநாட்டு வைக்கச் சொல்லி அம்மாவிடம் மைப்பெட்டியை நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தார். நான்தான் "குத்தகைக்கு விடறதில்லைங்க" என்று சொல்லிவிட்டேன். "பெரியவங்க பேசறப்ப இந்தப் பொண்ணு யாருங்க?" என்றார். "பயிர் வச்சவளுங்க. நீங்க பாத்திய மிதிக்காம அந்தப் பக்கமா எறங்குங்க" என்றார் அம்மா.

கோபப்படுங்கள், ஆனால் இனி ஆள் அனுப்பாதீர்கள். அடுத்த நடவுக்கு நான்கு பாத்தியும் ஓரடிதான். நம் மலைத் தெய்வம் சேர்வராயன் உங்களை நோயில்லாமல் வைக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு சாமி என்று அம்மா சொல்கிறார். இருமலுக்கு மிளகு கொடுத்தனுப்புகிறோம், மறக்காமல் வெந்நீரில் போட்டுக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை சிவசக்தி

எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கூடாரக்காரர் மறந்துவிட்டுப் போன மைப்பெட்டியில் விரலைத் தொட்டு, இந்தக் கடிதத்தின் கீழே அம்மாவே கைநாட்டு வைத்திருக்கிறார்.