அவுலிஸின் லாரியில் ஒரு களிம்பு டப்பா

கயானி
ஜனவரி 11, 1993

மதிப்பிற்குரிய துவோவி அவர்களுக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டிருக்கலாம். உங்கள் கணவராக இருந்த அவுலிஸோடு ஆறு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள் எழுதும் கடிதத்தை வேறு என்ன செய்வது? போடாமல் படிப்பதற்கு நன்றி. போன் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவீர்கள் என்று தோன்றியது.

ஒரு சின்ன உதவி வேண்டும். வேலையில்லாத் திண்டாட்டத்தில் இங்கே கடைகளை ஒவ்வொன்றாக மூடுகிறார்கள். என் பார்லருக்கு மாதம் தவறாமல் வந்த பெண்கள் இப்போது வீட்டில் சமையல் கத்தரிக்கோலால் முடி நுனியை வெட்டிக்கொள்கிறார்கள். ஷாம்பூ வாங்க ஆளில்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும், "செலவில்லாம தலைக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லு தார்யா" என்கிறார்கள். நீங்கள் காஞ்சொறி இலையில் தலை அலசும் நீர் செய்வீர்கள் என்று அவுலிஸ் எப்போதோ சொன்ன ஞாபகம். அந்தப் பக்குவத்தை எழுதி அனுப்ப முடியுமா?

கை வெடிப்புக்கு மரப்பிசினில் ஒரு களிம்பும் செய்வீர்களாமே. அதை இப்போதும் செய்கிறீர்களா? யாருக்காவது கொடுப்பதுண்டா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

குளிர் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரியாதையுடன்,
தார்யா


பால்தமோ
ஜனவரி 19

தார்யாவுக்கு,

அடுப்பில் போடத்தான் எடுத்தேன். தபால்காரர் வாசலிலேயே நின்றார். உறையின் பின்பக்கத்தை அவர் வழியிலேயே படித்துவிட்டார் போல. "நல்ல சேதியா, துவோவி?" என்றார். "படிச்சாத்தானே தெரியும்" என்றேன். அவருக்காகப் பிரித்தேன் என்று வைத்துக்கொள்.

கேட்டதற்குப் பதில். காஞ்சொறியைக் கோடைத் தொடக்கத்தில், பூக்கும் முன் பறிக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பறி. நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் காய்ந்துவிடும், அப்புறம் அரிக்காது. ஒரு கைப்பிடி இலையில் கொதிநீரை ஊற்றி மூடி வை. ஆறியதும் துணியில் வடிகட்டி ஒரு கரண்டி வினிகர் விடு. சௌனா நீராவி அறையில் குளித்து முடித்துக் கடைசியாகத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதற்குமேல் அலசக் கூடாது. தலையில் எண்ணெய் வழியாது, பொடுகும் போகும். காட்டோரம் இலை சும்மா கிடக்கிறது, வினிகர் மட்டும்தான் செலவு. ஆனால் வெளுப்பு ஏற்றிய முடியில் ஊற்றினால் பச்சை படியும். ஆகவே உன் தலைக்கு வேண்டாம்.

இப்போது நீ சொல். அலமாரி நிறைய ஷாம்பூ வைத்திருக்கிறவள் என்னிடம் இலைத் தண்ணீர் கேட்பானேன்? களிம்பைப் பற்றிக் கடைசியில் சும்மா கேட்கிறாயாம். அந்த ஒரு வரிக்காகத்தானே மற்றதையெல்லாம் எழுதினாய்?

என் வீட்டில் தலைக்கு வெறும் சோப்பும் காஞ்சொறி நீரும்தான், என்றைக்கும். அவுலிஸ் ஒரு நாள் பச்சை ஆப்பிள் வாசனையோடு வந்து படுத்தான். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன் தலையில் ஆப்பிள் எப்படி மணக்கும்? உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உன்னை எனக்கு அப்படித்தான் தெரியும். என்னிடம் சுற்றி வளைக்காதே.

துவோவி


கயானி
ஜனவரி 25

மதிப்பிற்குரிய துவோவி,

அந்த ஆப்பிள் ஷாம்பூவை நான் இப்போது கடையில் வைப்பதில்லை. அதைச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

நேராகவே கேட்கிறேன். புத்தாண்டு முடிந்த வாரம் லாரியைத் துடைக்கப் போனேன். முன்பக்கப் பெட்டிக்குள், கையுறைகளுக்கு அடியில் ஒரு சின்னத் தகர டப்பா. உள்ளே மஞ்சள் களிம்பு, பாதி தீர்ந்திருந்தது. அவுலிஸிடம் கேட்டேன்.

"இது எங்க வாங்கினது?"

"எது? அதுவா? பெட்ரோல் பங்குல ஒருத்தர் குடுத்தார்."

"எந்தப் பங்குல?"

"ஞாபகம் இல்ல தார்யா. ஒரு டப்பாவுக்கு இவ்வளவு கேள்வியா?"

ஆறு வருஷத்தில் அவர் காது சிவந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

பழைய டப்பா என்று நீங்கள் சொல்லலாம். நானும் தலைக்கும் தோலுக்கும் வேலை செய்கிறவள்தான். வீட்டில் கொழுப்பு காய்ச்சிச் செய்தது வருஷக்கணக்கில் நிற்காது, காறிப்போய் வாடை வரும். இதில் வாடையே இல்லை. இந்தக் குளிர்காலத்தில் செய்தது.

ஓவுலு நகரத்து ஆலைக்கு மரம் ஏற்றிப்போகும்போது லாரி உங்கள் ஊரைத் தாண்டித்தான் போகிறது. அவர் அங்கே நிறுத்துகிறாரா? நீங்கள்தான் கொடுத்தீர்களா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். கத்தமாட்டேன். கத்தும் தகுதி எனக்கு இல்லை.

தார்யா


பால்தமோ
பிப்ரவரி 2

தார்யாவுக்கு,

கொடுத்தேன் என்று எழுதி உன் தூக்கத்தைக் கெடுக்க ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் கொடுக்கவில்லை. அவன் லாரி பெரிய சாலையோடு போகிறது, என் வீட்டுத் திருப்பத்துக்கு வருவதில்லை. இங்கே நானும் பூனையும்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு மகள் சிர்பா ஓவுலுவிலிருந்து வருவாள். அங்கே மழலையர் பள்ளியில் வேலை. அப்பன் பெயரை எடுத்தாலே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவள். நீங்கள் இரண்டு பேரும் அவளுக்குச் செய்தது அது.

இன்னொன்றும் தோன்றியது. டப்பா ஏதும் இல்லாமல், நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்க நீயாகவே கதை கட்டியிருக்கலாம். பார்லர் வைத்திருக்கிறவர்களுக்குக் கதை கட்டத் தெரியும்.

டப்பா உண்மை என்றால் அதில் கொஞ்சம் தாளில் தடவி அனுப்பு. விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கிறதா, மணல் மாதிரி நெருடுகிறதா என்றும் எழுது. பிசினைக் கொழுப்போடு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, பொறுமையாக உருக்க வேண்டும். மரப்பட்டையும் எறும்பும் போக வடிகட்டி, அப்புறம் தேன்மெழுகு. என் களிம்பு நெருடாது. இந்த மாவட்டத்தில் யார் யார் எப்படிச் செய்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

துவோவி


கயானி
பிப்ரவரி 8

அன்புள்ள துவோவி,

மெழுகுத் தாளில் தடவி வைத்திருக்கிறேன். உறையில் எண்ணெய் கசிந்தால் மன்னியுங்கள்.

நெருடுகிறது. அடியில் மணல் மாதிரி இருக்கிறது. முதலில் பிசின் வாசனை, அது போனதும் கிறிஸ்துமஸ் பலகாரம் மாதிரி ஒன்று. கிராம்பு என்று நினைக்கிறேன். களிம்பில் யாராவது கிராம்பு போடுவார்களா?

அவரோடு ஓட்டும் ஒருவரின் மனைவி முடி வெட்டிக்கொள்ள வந்தாள். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "வியாழக்கிழமையில மட்டும் உங்க வீட்டுக்காரர் எங்க ஆளுங்களோட சாப்பிடப் போறதில்லையாமே, ஓவுலுல யாரோ சொந்தக்காரங்க இருக்காங்களா?" என்று என்னையே கேட்டாள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆக, நீங்கள் இல்லை. வேறு ஒருத்தி. அவர் கைக்கு மருந்து செய்து தருகிற அளவுக்கு நெருக்கமானவள். உங்களுக்கு நான் செய்தது இப்போது எனக்கு. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது. வினோதம்தான், உங்களிடம் மட்டும் சொல்ல முடிகிறது.

யாருடைய கைப்பக்குவம் என்று தெரிந்தால் எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

உங்கள்,
தார்யா


கயானி
பிப்ரவரி 25

அன்புள்ள துவோவி,

என் கடிதம் வந்து சேர்ந்ததா? பனிப்புயலில் தபால் தாமதமாகிறது என்கிறார்கள். கயானிக்கும் பால்தமோவுக்கும் நடுவில் அப்படி என்ன புயல் என்றும் யோசிக்கிறேன்.

போன வியாழக்கிழமை அவர் வரும்போது சட்டைப்பையில் புது டப்பா. அதிலும் கிராம்பு.

உடம்பு சரியில்லையா? ஒரு வரி போதும்.

தார்யா


கயானி
மார்ச் 12

துவோவி அவர்களுக்கு,

நீங்கள் பதில் எழுதப் போவதில்லை என்று புரிந்துவிட்டது. என்ன நடந்தது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு டப்பாக்களையும் சாப்பாட்டு மேஜையில் வைத்துக் கேட்டேன்.

"யார் அவ?"

"நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"அப்ப எந்த மாதிரி? சொல்லுங்க, கேக்கறேன்."

"சொல்ல முடியாது தார்யா. வாக்கு குடுத்திருக்கேன்."

"எனக்குக் குடுத்தது வாக்கு இல்லையா?"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. வெளியே போகச் சொன்னேன். இப்போது தன் அண்ணன் வீட்டுச் சௌனா அறையில் படுத்துக்கொள்கிறார். சொல்லியிருந்தால் எதுவானாலும் கேட்டிருப்பேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் விவாகரத்து மனு கொடுக்கிறேன்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். தாளை முகர்ந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பேனாவை மூடிவிட்டீர்கள். அப்படித்தானே? அந்தப் பெண் யார் என்று தெரிந்தும் என்னை வேடிக்கை பார்க்கிறீர்கள். ஒருவேளை நீங்களே அனுப்பிவைத்தவளோ? இரவில் படுத்தால் இப்படியெல்லாம் தோன்றுகிறது.

தார்யா


பால்தமோ
மார்ச் 17

தார்யா,

மனு கொடுக்காதே. முதலில் இதைப் படி.

நீ நினைத்தது சரி. உறையைப் பிரித்து முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. இந்த மாவட்டத்தில் பிசின் களிம்பில் கிராம்பு போடுகிறவள் ஒருத்திதான். அவளைப் பெற்றவள் நான். சிர்பாவுக்குச் சின்ன வயதில் பிசின் வாசனை ஆகாது. நான் பண்டிகை பிஸ்கட்டுக்கு வைத்திருக்கும் கிராம்பை எடுத்துப் பாத்திரத்தில் போட்டுவிடுவாள். அடுப்பு முன்னால் பொறுமையும் கிடையாது, அதனால்தான் அடியில் மணல்.

பதில் எழுதக் காகிதம் எடுத்தேன். "உன் கணவன் போவது அவன் மகளைப் பார்க்க" என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதவில்லை. கொஞ்ச நாள் தவிக்கட்டும் என்று விட்டேன். ஆப்பிள் வாசனைக்குப் பக்கத்தில் நான் படுத்த இரவுகளை இவளும் அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். நீ மறுபடி எழுதியபோது அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படிக்க நன்றாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

அதோடு, உன்மேல் இருந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு மகள்மேல். ஆறு வருஷமாக அவள் என் பக்கம் என்று இருந்தேன். என் சமையலறையில் உட்கார்ந்து, அப்பன் பேச்சு வந்தால் எழுந்து போய்விட்டு, வியாழக்கிழமை அவனோடு சாப்பிட்டிருக்கிறாள்.

உன் கடைசிக் கடிதம் வந்த மறுநாள் ஓவுலு பஸ் ஏறினேன். பள்ளி வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாரும்மா சொன்னா?"

"உன் கிராம்பு சொல்லிச்சு."

பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். இலையுதிர் காலத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் காபிக்கு நின்றாளாம். வரிசையில் முன்னால் அவன். "விரல் நுனியெல்லாம் வெடிச்சு டேப் சுத்தியிருந்தார்மா. கப் மூடியக்கூட அமுக்க முடியல. நான் எப்படிப் பாக்காத மாதிரி போறது?" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"இப்ப உன் மூஞ்சியக் கண்ணாடில பாரு. அதுக்குத்தான் சொல்லல."

"அவன் பொண்டாட்டிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் அப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். அந்தம்மா பார்லர்ல காலைல சொன்னா, சாயங்காலம் பால்தமோல உன் காதுல விழும்."

இதில் அவளை நான் குறை சொல்ல முடியாது.

அவனை நீ வெளியே அனுப்பியதைச் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது, அவன் அவளிடமும் வாயைத் திறக்கவில்லை. அழுதாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

அவுலிஸ் எனக்குக் கொடுத்த வாக்கு எதையும் காப்பாற்றியதில்லை. மகளுக்குக் கொடுத்ததைக் காப்பாற்ற வீட்டை விட்டே போயிருக்கிறான். அவன் உன்னிடம் வேறு பொய்யே சொன்னதில்லை என்று நான் எழுதித் தரமாட்டேன், எனக்குத் தெரியாது. 'நீ நினைக்கிற மாதிரி இல்ல' என்றது மட்டும் பொய் இல்லை. அவனை வீட்டுக்குக் கூப்பிடு.

பள்ளி வாசலில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சிர்பாவுக்கு ஜூன் கடைசியில் கல்யாணம். பையன் அவளோடு வேலை செய்கிறவன், சாது. அப்பா கையைப் பிடித்து மாதாகோவிலுக்குள் வர வேண்டும் என்பது அவள் ஆசை. அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கிறிஸ்துமஸிலிருந்து தேதியையே மறைத்து வைத்திருக்கிறாள். என் மகள் என்னைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியாது.

வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் வந்தால் நீயும் வருவாய். நீ தனியாக வீட்டில் இருந்தால் ஊர் அதையும் பேசும். கோவிலில் நான் இடப்பக்க வரிசையில் இருப்பேன், நீ வலப்பக்கம் உட்கார். வாசலில் எல்லோர் முன்பும் உன் கையைக் குலுக்குவேன். அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்காதே. இனி எழுதவும் வேண்டாம்.

துவோவி