ஊசி முனையும் எட்டாவது விமானமும்

சிவன்மலை முருகன் துணை

நெருப்பெரிச்சல்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சண்முகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழைக்கு அம்மாவின் முழங்கால் மட்டும் கொஞ்சம் முனகுகிறது, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் அதுவும் அடங்கிவிடும். போனில் பேசினால் நீ அழுவாய், எனக்கும் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும், அதனால்தான் கடிதம்.

நீ பராமரிக்கும் விமானங்கள் சாகசம் செய்கிற வீடியோவை டீ நேரத்தில் நம் பனியன் கம்பெனி டிவியில் போட்டேன். சத்தத்தைவிட வேகமாகப் போகும், ஆனாலும் பைலட்டுகள் பழகுகிற ஜெட்தான் என்றேன். தைத்த துணியைச் செக்கிங் பார்க்கிற பழனாயி, "பழகறதுக்கே இந்த ஓட்டமுங்களா, பழகி முடிச்சா எங்க போயி நிப்பாங்க" என்றாள். எட்டு விமானம் என்றீர்களே, ஏழுதானே பறக்கிறது என்றும் அவளே கேட்டாள், எண்ணுவது அவள் தொழில். எட்டாவதை நிறுத்தி வைத்தது என் மகள் என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த விமானத்தில் வேலை நடந்தபோது ஸ்க்ரூடிரைவரில் உடைந்த முனை கிடைக்காமல் பறக்கவிட மாட்டேன் என்று நீ கையெழுத்துப் போட மறுத்தாய். சாகச விழா முடிந்து இரண்டு நாள் கழித்து அது ஒரு மெக்கானிக்கின் ஷூ அடியில் கிடைத்ததால், வீணாக நிறுத்தினேன், வருந்துகிறேன் என்று உன் மேலதிகாரிகள் எழுதித் தரச் சொல்கிறார்கள். அம்மாவும், "எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கச் சொல்லுங்க" என்கிறாள். எழுதித் தராதே கண்ணு. ஒருமுறை எழுதினால் அடுத்த முறை உன் கை தயங்கும். வேலை போனால் வேறு வேலை.

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி. நீ காலேஜ் லீவில் வந்திருந்தபோது ஒரு முனை கிடைக்கவில்லை, லாரி வாசலில் நின்றது, பழைய முனை ஒன்றை ஒட்டச் சொன்னேன். நீ பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, பிரித்துத் தேடாமல் ஏற்றவிட மாட்டேன் என்றாய். படித்த திமிர் என்று எல்லோர் முன்னாலும் திட்டினேன், லாரி காலியாகப் போனது, நீ சாப்பிடாமல் ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறினாய். மறுநாள் பழனாயி அந்த முனையைக் கண்டெடுத்தாள், ஆறு மாதக் குழந்தை போடுகிற பனியனின் கழுத்துப் பட்டிக்குள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளையும் அடக்கி வைத்தேன். வீம்புதான், வேறென்ன. ஷூவில் கிடைத்ததா பனியனில் கிடைத்ததா என்பது பிறகு தெரிகிற சங்கதி, கிடைக்கிற வரைக்கும் அது துணிக்குள்தான் இருக்கிறது.

முருகன் உன்னை நிமிர்ந்தே வைத்திருக்கட்டும். எட்டும் பறக்கிற வீடியோ வந்தால் மறக்காமல் அனுப்பு, பழனாயி எண்ண வேண்டுமாம். அந்தப் பழைய நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேடச் சொன்னவர் என்று முனைக்குப் பக்கத்தில் உன் பெயரை இன்றைக்குத்தான் எழுதினேன்.

உன் அப்பா,
மகுடேஸ்வரன்