விரிக்காமல் விட்ட படுக்கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்றுதான் வழக்கம்போல ஆரம்பித்தேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன், மேலே பார், கோடு தெரியும். சுகம் இல்லை கண்ணு. பதறாதே, நின்றுகொண்டு படிக்காமல் முதலில் உட்கார். உன் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் ஆபத்து இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், டிவி ரிமோட்டை யாருக்கும் கொடுப்பதில்லை. போன மாதம் வீடியோவில் பேசும்போதெல்லாம் ஏன் அப்பா எப்பப் பார்த்தாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டாயே, குளிர் என்று சொன்னேனே, அந்தப் போர்வைக்குள்ளேதான் கட்டு இருந்தது. என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு, ஏனென்றால் போன மாதத்திலிருந்து எனக்கு ஒன்றன் மேல் ஒன்றாக அதிர்ச்சிதான், அதில் பெரிய அதிர்ச்சி காலைப் பற்றியது இல்லை, என் வாயைப் பற்றியது.

நடந்ததைச் சொல்கிறேன். நீ இருந்தபோது ஓடிய சாயங்கால பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். காலையில் மேலே ஹோட்டலுக்குப் போக பஸ் உண்டு, இறங்கத்தான் இல்லை. கேட்டால் சாயங்கால வண்டி காலியாகப் போகிறதாம். காலியாகப் போகாமல் என்ன செய்யும், ஹோட்டல் வேலை முடிவதற்கு முன்னாலேயே அது கிளம்பிவிடும், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரில் வருகிறார்கள், பிறகு யார் ஏறுவார்கள்? நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டோம், வண்டியையே எடுத்துவிட்டார்கள். மேலே ஏரிக்கரையில் நாம் குடியிருந்த வரிசை வீடுகள் எல்லாம் இப்போது வெள்ளையடித்துப் பயணிகளுக்கு விட்டாகிவிட்டது, வேலை செய்கிறவர்கள் யாருக்கும் அங்கே தங்க இடமில்லை. அதனால் வேலை முடிந்ததும் எல்லாரும் அந்த வளைவுச் சாலையில் கும்பலாக நடந்து இறங்குகிறோம். நடைபாதை கிடையாது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அன்றைக்கு அப்பாவுக்கு லாண்டரியில் வேலை சீக்கிரம் முடிந்தது, தனியாக இறங்கியிருக்கிறார். ஏரி தெரியுமே அந்த வளைவு, அங்கே ஒருத்தர் காரை ஓட்டிக்கொண்டே போட்டோ எடுத்தாராம். நான் கொஞ்சம் பின்னால் இறங்கினேன், கீழே தூரத்தில் அப்பாவுடைய டிபன் டப்பா உருண்டு போகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷன் பாறையோரச் சாக்கடையில் கிடக்கிறார், அந்தக் கார்க்காரர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அவரிடம் உன் அப்பா என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? கால் அந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது, முகம் முழுக்கச் சிரிப்பு, "பரவால்ல சார், ஒண்ணும் இல்ல சார், நீங்க பாத்துப் போங்க"! அந்த ஆளும் தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார் கண்ணு. உனக்கென்ன பைத்தியமா என்று நடுரோட்டில் கத்தினேன். விருந்தாளியாச்சே என்றார். பிறகு உன் மாமாதான் வாடகை வேனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அடுத்த வாரம் மேனேஜர் வீட்டுக்கு வந்தார், நீ பூட்டு என்று பேர் வைத்தாயே அவரேதான், இப்போதும் கதவைக் கண்டால் இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார், நம் வீட்டுக் கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மனுஷன் கண் கலங்கிவிட்டார், பொய் சொல்லக் கூடாது. ஏரிக்கரை ஹோட்டல்கள் எல்லாம் சேர்ந்து சுற்றுலாத் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்களாம், விசாரிக்க மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். பஸ் வேண்டும், வேலை செய்கிறவர்களுக்குக் குடியிருப்பு வேண்டும், சீசனில் கழிவுத் தொட்டி நிரம்பி ஏரிக்குள் போகிறதே அதற்கு வழி வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கு ஆளும் இருக்காது, பார்க்க ஏரியும் இருக்காது என்று நேரில் சொல்ல வேண்டும், முதலாளிகள் சொன்னால் எடுபடாது, ரூம் வேலை செய்கிற யாராவது பேச வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் வாய் நீளமாச்சே" என்று அப்பா கட்டிலில் இருந்தபடியே எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன், அப்பாதான் மேலிடத்து அம்மா, கட்டிலில் படுத்துக்கொண்டு குறுக்குக் கேள்வி கேட்பார். உன்னோடு படித்தவர்களில் ஒருத்தர்கூட இப்போது இந்த ஊர் ஹோட்டல்களில் இல்லை என்கிற இடம் வரும்போது மட்டும் அப்பா கேள்வி கேட்க மாட்டார்.

இப்போது கேள், எங்கள் கூத்தை. அந்த அம்மா வரப்போகிறார் என்றதும் நாங்கள் என்ன செய்தோம்? யாரும் சொல்லவில்லை, யாரும் கூடிப் பேசவில்லை, எல்லாரும் தானாகவே சுத்தம் பண்ண ஆரம்பித்துவிட்டோம்! படகுக்காரர்கள் வலையைப் போட்டு ஏரி மேலே படிந்திருந்த பச்சைப் படலத்தை எல்லாம் அள்ளிக் கொட்டினார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த குப்பையைப் பூந்தொட்டி வைத்து மறைத்தோம். கூட்டத்துக்கு ஆள் லேட்டாக வரக்கூடாது என்று உன் மாமா தன் வேனையும் கூட்டாளிகளின் வேன்களையும் கொண்டுவந்து எல்லாரையும் ஏற்றி இறக்கினான். அந்த அம்மா காரிலிருந்து இறங்கும்போது வாசலில் வரிசையாக வேன், வரிசையாகச் சிரித்த முகம், ஏரி கண்ணாடி மாதிரி. குறை சொல்ல வரவழைத்த ஆளுக்கு ஜூஸ் கொடுத்து, ஈரத் துண்டு கொடுத்து, ஜன்னல் பக்கம் நல்ல ரூமாகக் கொடுத்து உபசாரம் பண்ணியாகிவிட்டது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே! ஹாலில் எல்லாரையும் உட்காரவைத்து அந்த அம்மா நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "உங்களுக்கு என்ன குறையோ தைரியமா சொல்லுங்க" என்றார். நான் எழுந்தேன். பேச வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கிறது. வாயைத் திறந்தேன். "குறை ஒண்ணும் இல்லம்மா. நீங்க வந்த வழி சௌகரியமா இருந்துதா?" என்று கேட்டேன் கண்ணு! கேட்டது நான்தான், என் குரல்தான், என் காதிலேயே விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத் திருத்துவார்கள் என்று பார்த்தால், சமையல்காரர் எழுந்து சாப்பாடு பிடித்ததா என்று கேட்கிறார், படகுக்காரர் நாளைக்கு வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்கிறார், நம் பூட்டு இருக்கிறாரே, சூரியன் மறைகிற நேரத்தில் எடுத்த ஏரிப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டுகிறார். அந்த அம்மா கை தட்டினார். இவ்வளவு நன்றாக நடக்கிற இடத்தைப் பார்த்ததே இல்லை, அடுத்த சீசனுக்கு இன்னும் நிறையப் பேர் வருகிற மாதிரி விளம்பரம் செய்யச் சொல்கிறேன் என்றார். இன்னும் நிறையப் பேரா!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கார்க்காரருகிட்ட நானும் அதத்தான சொன்னேன்" என்றார். கதவுக்குள்ளே யார் வந்தாலும் அழுக்கை மறைத்து, படுக்கையை இழுத்து விரித்து, சிரித்துப் பழகிவிட்டோம் கண்ணு. அது எங்கள் தொழில், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கூப்பிட்டு வைத்துக் கேட்கிறவரிடமும் அதையே செய்தால் நாங்கள் என்ன ஜென்மம் என்று எனக்கே என் மேல் அப்படி ஒரு கோபம்.

மறுநாள் காலை அந்த அம்மா ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தார், அவர் ரூம் நான் வேலை பார்க்கிற மாடியில்தான். போனேன், பழைய விரிப்பை உருவினேன், துவைத்து வந்த விரிப்பை உதறினேன், அதன் ஓரம் காவி படிந்து கறையாக இருந்தது. அப்பா படுத்ததிலிருந்து லாண்டரியில் ஒரே ஒருத்தர்தான், அவரும் சீசன் முடிந்தால் போகிறேன் என்கிறார், சரியாக அலச நேரமில்லை. வழக்கமாக என்ன செய்வேன், கறை தெரியாத மாதிரி மெத்தைக்கு அடியில் செருகிவிடுவேன். கை அதைத்தான் செய்யப் போனது. நிறுத்திவிட்டேன். விரிப்பை அப்படியே மெத்தை மேல் போட்டுவிட்டு, சொன்னால் நம்ப மாட்டாய், விருந்தாளி ரூமில் விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. வேலை போய்விடும் என்று தெரிகிறது, இருந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா உள்ளே வந்து மெத்தையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்கு முதலில் மன்னிச்சுக்குங்க என்றுதான் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நேத்து நான் சொன்னது பொய்ம்மா. எல்லாமே குறைதான். இந்த விரிப்ப ஒழுங்கா அலசற மனுஷன் காலு ஒடிஞ்சு வீட்ல கெடக்கறாரு, அவரு என் வீட்டுக்காரரு" என்றேன். அப்புறம் நின்றதா பேச்சு! கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தது எல்லாம் வரிசை தப்பி வந்து கொட்டியது. பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பூந்தொட்டியை நகர்த்திக் காட்டினேன், கழிவுக் குழாய் எங்கே போகிறது என்று காட்டினேன். பூட்டு தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா மூக்கை மூடவில்லை, அதை நான் கவனித்தேன். நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நேற்று நீங்கள் விருந்தாளி என்றேன். இன்றைக்கு யார் என்று கேட்டார். சாயங்காலம் என்னோடு வீடு வரைக்கும் நடந்து வாருங்கள், அப்புறம் சொல்கிறேன் என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் துணிச்சல்!

வந்தார் கண்ணு. காரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டு எங்கள் கும்பலோடு நடந்தார். முதல் வளைவு வரைக்கும் காற்று நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டு வந்தார். அப்புறம் கார்கள் இறங்க ஆரம்பித்தன, ஒவ்வொன்றும் துணியை உரசிக்கொண்டு போகிறது, புகையில் கண் எரிகிறது, ஒதுங்கப் பாறையைத் தவிர இடமில்லை. என் கையைப் பிடித்தார், விடவே இல்லை, நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. தினமும் இப்படியா என்று மட்டும் ஒருமுறை கேட்டார். நம் வீட்டுக்குள் வந்ததும் உன் அப்பா, கட்டுக் காலோடு கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்கம்மா, உக்காருங்க, வழி சௌகரியமா இருந்துதா?" என்றார். அடக் கடவுளே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "இல்லைங்க, சௌகரியமா இல்ல. ரொம்ப பயமா இருந்துது" என்றார். இத்தனை நாளில் எங்கள் மத்தியில் கேட்டதற்குக் கேட்டபடி பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். அப்பா முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே கரைந்து போனது.

போன திங்கட்கிழமையிலிருந்து சாயங்கால பஸ் ஓடுகிறது, எங்கள் வேலை முடிகிற நேரத்துக்கு. சீசன் முடிகிற வரை சோதனைக்காகத்தானாம், அதனால் நாங்கள் யாரும் ஒரு நாள்கூட நடப்பதில்லை, வண்டியை நிறைத்து அனுப்புகிறோம், பூட்டுகூடத் தன் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஏறுகிறார், ஏறினதும் பஸ் கதவை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். ஏரியில் விழுகிற குழாயைப் பார்க்க ஆள் வந்து அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். குடியிருப்புக்கு இன்னும் பதில் இல்லை, விட மாட்டேன், மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறேன், இந்தத் தடவை ஜூஸ் கிடையாது. என் வேலை போகவில்லை. பூட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மூன்றாம் நாள் அந்த ரூமை இன்னும் விரிக்கவில்லையா என்று கேட்டுச் சிரித்துவிட்டார்.

இதை எல்லாம் உனக்கு எழுத வேறு காரணம் இருக்கிறது. நீயும் அங்கே ரிசப்ஷனில் நாள் முழுக்கச் சிரிக்கிற வேலைதான் பார்க்கிறாய். எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய். ரிங் அடித்ததும் எடுத்து, அதே குரலில், அதே வார்த்தை. நான் படுக்கை விரிக்கிறவள் கண்ணு, மேல் விரிப்பு எவ்வளவு இழுத்துக் கட்டியிருந்தாலும் அடியில் கறை இருந்தால் கைக்குத் தெரியும். தனியாகச் சாப்பிடுகிறாயா, ராத்திரி வேலை முடிந்து எப்படி ரூமுக்குப் போகிறாய், அங்கே பஸ் இருக்கிறதா, நடக்கிறாயா, யாராவது உன்னை மனம் நோகப் பேசுகிறார்களா, எல்லாம் எழுது. கஷ்டம் என்றால் கஷ்டம் என்று எழுது. அம்மா தாங்குவேன். நான் விருந்தாளி இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ரோட்டில் நடக்கும்போது காதில் பாட்டை மாட்டாதே. எந்த ஊரில் இருந்தாலும் நீ நிமிர்ந்து நடந்து, நிறைவாக வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா

கவரை ஒட்டப் போனேன், அப்பா நிறுத்தச் சொன்னார். தன் பங்குக்கு ஒரு வரி எழுத வேண்டுமாம். அப்பா நலம், கவலைப்படாதே என்றுதானே எழுதச் சொல்லப்போகிறீர்கள் என்றேன். இல்லை என்றார். அப்புறம், "காலு ரொம்ப வலிக்குதுன்னு எழுது. பாப்பாவ ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.