பெருக்கு என்றால் துடைப்பமா?

மேசை இழுப்பறையைத் திறந்ததும் குப்பென்று கருவாட்டு வாசனை. வேறென்ன, உன் படம்தான். உன் வீட்டுக்காரர் அதை எந்தக் கூடைக்கு அடியிலிருந்து எடுத்துவந்தாரோ, திரும்ப வாங்கிப்போக மறந்துவிட்டார். உன் தங்கை கல்யாணத்தில் எடுத்தது. முகம் முழுக்கப் பவுடர், தலை கொள்ளாத மல்லிகை.

"எல்லாருக்கும் போடுவீங்களே, ஏரியோட கலந்த மாரி, அதே மாரி இவளுக்கும் போட்டுக் குடும்மா. நாளன்னிக்கி காரியம்," என்று அன்று சொல்லிவிட்டு கடை வாசலிலேயே நின்றார். ஊரில் போனவர்களுக்கெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கண்ணீர் அஞ்சலி பேனர் போட்டோம். உன்னுடையதை நான் தனியாகப் போட வேண்டியிருந்தது. எனக்கு ஒரே பயம்தான்: கலக்கிறேன் பேர்வழி என்று உன் முகத்தைத் தொலைத்துவிடக் கூடாது.

நம் வண்டவாளம் நமக்குத்தானே தெரியும். கடைக்குக் கணினி வந்த முதல் வாரமே படம் திருத்தும் இலவச மென்பொருளைத் தமிழுக்கு மாற்றினாய். "துட்டு வாங்காம வந்ததுதானே, நம்ம பாஷ பேசினா இன்னாவாம்?" என்றாய். அங்கே பிடித்தது சனி. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்தால் இரண்டும் எப்படிக் கலக்க வேண்டும் என்பதற்கு அதில் நீளமாக வழிகள் இருந்தன. இயல்பு, பெருக்கு, திரை, எரி என்று போகும். 'பெருக்கு' என்பதைப் பார்த்ததும் உனக்குத் துடைப்பம்தான் ஞாபகம் வந்தது.

கணக்குடி, என்றேன் நான். கணினிக்கு வெள்ளை என்றால் ஒன்று, கறுப்பு என்றால் பூச்சியம், மற்றதெல்லாம் நடுவில். மேல் படத்தின் எண்ணால் கீழ்ப் படத்தின் எண்ணைப் பெருக்கும். ஒன்றால் பெருக்கினால் கீழே இருப்பது அப்படியே வரும், அதனால் மேலே இருந்த வெள்ளை காணாமல் போகும். பூச்சியத்தால் பெருக்கினால் கறுப்புதான். அரையை அரையால் பெருக்கினால் கால், அதனால் படம் இருட்டும். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டாய்.

"பெருக்கினா ஜாஸ்திதானேடி ஆவணும்? இது கொறஞ்சிக்கினே போவுது. ஒயுங்கா தொடப்பம்னு ஒத்துக்கோ."

அந்த நேரம் பார்த்துதான் ஒரு குப்பத்துத் தலைவர் போய்ச் சேர்ந்தார். அவர் பழைய படத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைப் புள்ளிகள். நான் சாப்பிடப் போயிருந்த சமயம், நீ ஏரிப் படத்தின் மேல் அவரை வைத்து, புள்ளிகளைக் கூட்டித் தள்ளலாம் என்று 'பெருக்கு' போட்டாய். புள்ளிகள் போய்விட்டன, சரி. கூடவே வெள்ளைச் சட்டையும் வெள்ளை மீசையும் போய்விட்டன. திரும்பிக்கூடப் பார்க்காமல் மீஞ்சூருக்கு அச்சுக்கு அனுப்பிவிட்டாய். பேனர் கட்டிய அன்றே அவர் மகன் கடைக்கு வந்துவிட்டார்.

"எங்க நைனா சட்ட எங்கம்மா?"

நீ அசரவில்லை. "தலைவரு ஏரியோட கலந்துட்டாருண்ணா. அப்படித்தான் டிசைன்."

"வயித்துல கொக்கு நிக்குதே?"

"அம்மாம் பெரிய மனசு அவருக்கு."

அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார், அதே மாதிரி இன்னொன்று போடச் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஏரியைச் சுற்றி யார் போனாலும் ஏரியில் கலந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. கட்டம் போட்ட சட்டையில் படம் கொண்டுவந்தவர்களை, "இவரு கலக்க மாட்டாரு, வெள்ள சட்ட படம் கொண்டாங்க," என்று விரட்டினாய்.

'திரை' பெருக்குக்கு நேர் எதிர். ஒரே சுவரில் இரண்டு டார்ச் அடித்தால் வெளிச்சம் கூடும் அல்லவா, அப்படி. கறுப்பு எதையும் கூட்டாது, காணாமல் போகும், வெள்ளை நிற்கும். கறுப்புப் பின்னணியில் எடுத்த விளக்குச் சுடரைப் படத்தில் ஏற்ற அதுதான் வழி. ஓரங்களை இருட்டாக்க 'எரி'. அதைக் கணினியில் பார்த்துவிட்டு, மாமனாருக்குப் பேனர் போட வந்த மருமகன் ஒருவர் கத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? "எங்கள்ல பொதைக்கிறது வழக்கம், எரின்னு போட்டுக்கிற!" உன் சமாதானத்தைக் கேட்டு அவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நீ என்ன சொன்னாய் என்பது மறந்துவிட்டது. அது மறந்ததில் எனக்கு என் மேலேயே கோபம்.

உனக்கென்று நான் தேர்ந்தெடுத்த ஏரிப் படம் நீ எடுத்ததுதான், உன் வீட்டுக்காரர் படகில் நிற்பது. அதன் மேல் உன்னை வைத்துப் 'பெருக்கு' போட்டேன். பவுடர் அத்தனையும் போய், கண்ணும் பொட்டும் கொண்டையும் மட்டும் தண்ணீரில் மிதந்தன. 'திரை' போட்டேன். கண்ணும் கூந்தலும் போய், மல்லிகைச் சரமும் பவுடரும் மட்டும் நின்றன. சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உன் நாற்காலியைப் பார்த்து "இங்க பாரேன்" என்று சொல்லியும்விட்டேன்.

கடைசியில் எதையும் கலக்காமல் 'இயல்பு' என்று விட்டேன். அதில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும், அவ்வளவுதான். நீ நீயாக வந்தாய். ஆனால் படகு போச்சு, படகில் நின்ற மனிதரும் போனார்.

மறுநாள் அவர் வந்து பார்த்தார். நீ எடுத்த அந்தப் படகுப் படத்தின் மேல்தான் உன்னை வைத்தேன் என்று மட்டும் சொன்னேன்.

"நான் எங்கம்மா?"

"அவ பின்னாடி இருக்கீங்கண்ணா."

"உசுரோட இருக்கசொல்லவும் இதேதாம்மா," என்றார். "டிவி முன்னாடி வந்து நின்னுக்குவா. நவுருன்னா நவுர மாட்டா." தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "இதே மாரி சின்னதா ஒண்ணு போடு. டிவி முன்னாடியே மாட்டிக்கிறேன்."

"டிவி தெரியாதேண்ணா."

"தெரிய வேணாம்."

ஏரியில் கலக்கச் சொல்லி இப்போதும் வருகிறார்கள், கலந்துதான் கொடுக்கிறேன். ஆனால் எந்தப் படத்தையும் முதலில் ஒரு தடவை இயல்பில் வைத்து, அந்த மனிதர் இத்தனை நாள் எதை மறைத்துக்கொண்டு நின்றார் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.